ஜிபிஆர்எஸ் காலம் தந்தது வசதியே!

நடுவர் அவர்களே, அரங்கம் நிறைய வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

'ஜிபிஆர்எஸ் காலத்து செல்போன் இணையம் மக்களுக்குத் தந்தது பெரிதும் வசதியே! பெரிதும் வதையே!' இதுதான் தலைப்பு. ஜிபிஆர்எஸ் என்பது 2ஜி செல்போனில் அன்று இணையம் வந்த மெதுவான வழி. ஏறத்தாழ 2005-இலிருந்து 2012 வரை என்று நடுவரே காலத்தையும் வகுத்துக் கொடுத்திருக்கிறார். வசதியே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அண்ணன் வதைக்கு நான்கு சாட்சிகளைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் திறக்க ஒரு நிமிடம் ஆனது. பேலன்ஸ் கரைந்தது. தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தது. சார்ஜ் நிற்கவில்லை. நான்கும் நடந்தவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் அந்த நோக்கியா போனை இன்று தன் சட்டைப்பையில் இருக்கும் போனோடு வைத்து அளந்துவிட்டார். அது நியாயமா நடுவர் அவர்களே? அன்றைக்கு இணையம் வேண்டுமென்றால் நமக்கு வேறு என்ன வழி இருந்தது? பிரவுசிங் சென்டர். அதோடு வைத்து அளந்து பாருங்கள்.

மணிக்கு இருபது ரூபாய், முப்பது ரூபாய். வாசலில் ஒரு நோட்டு, அதில் பெயர், முகவரி, போன் நம்பர் எழுத வேண்டும். அடையாள அட்டை காட்ட வேண்டும். உள்ளே மரத்தடுப்பு வைத்த கேபின். ராத்திரி ஷட்டரை இறக்கிவிடுவார்கள். சென்டர் இல்லாத ஊர் என்றால் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். அதிலும் பெண்பிள்ளை என்றால் தனியாக அனுப்ப மாட்டார்கள், துணைக்கு அண்ணனோ மாமாவோ வர வேண்டும். பல வீடுகளில் அந்தப் பக்கமே போகக் கூடாது என்பதுதான் சட்டம்.

ப்ளஸ் டூ ரிசல்ட் நாளை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் தெருப்பிள்ளைகளின் பதிவு எண்ணையெல்லாம் ஒரே தாளில் எழுதி ஒரு அண்ணன் டிவிஎஸ் 50-இல் டவுனுக்குக் கிளம்புவார். அங்கே கூட்டம் நெரியும். ஒவ்வொரு எண்ணாகத் தட்டி, பிரிண்ட் எடுத்து, மதியம் திரும்பி வருவார். அதற்குள் பஸ் ஸ்டாண்ட் முழுக்கத் தெரிந்துவிடும், யார் பாஸ், யார் பெயில், யாருக்குக் கணக்கில் எத்தனை என்று. என் மதிப்பெண் அப்படித்தான் எனக்கு வந்தது. எனக்குத் தெரிவதற்கு முன்பே சென்டரில் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

என் தங்கை தேர்வு எழுதிய வருடம் வீட்டில் ஒரு நோக்கியா என்70 இருந்தது. சித்தப்பா சென்னை பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்டாக வாங்கி வந்தது. இரண்டங்குலத் திரை, எண் பட்டன்கள், சிம்பியன் சாஃப்ட்வேர். தளம் நெரிசலில் திணறியது, பக்கம் பாதியில் நின்றது, மறுபடி தட்டினாள், மறுபடி நின்றது. எல்லாம் உண்மை. ஆனால் கடைசியில் வந்த மதிப்பெண்ணை முதலில் பார்த்தது அவள். அடுப்படியில் நின்ற அம்மாவிடம் போய்ச் சொன்னதும் அவள். பஸ் ஸ்டாண்டுக்கு அது அப்புறம்தான் தெரிந்தது. தன் வாழ்க்கையைப் பற்றிய ஒரு செய்தியைத் தானே முதலில் பார்ப்பது என்பது, நடுவர் அவர்களே, அதுவரை நம் பெண்பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்று. அதைக் கொடுத்தது அந்தச் சின்னத் திரைதான். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

அதற்குப் பிறகு கலந்தாய்வு. பொறியியல் படிக்க வேண்டுமென்றால் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய் உட்கார வேண்டிய காலம் அது. 2018-இல்தான் அது இணையவழிக்கு மாறியது. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று தளத்தில் போடுவார்கள். தெற்கேயிருந்து ராத்திரி பஸ்ஸில் வரும் அப்பாவும் மகளும் ஜன்னல் ஓரத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். கையில் பட்டியல் இல்லாமல் வந்து இறங்குவதற்கும், இன்ன பிரிவு போய்விட்டது, அடுத்தது இது என்று முடிவெடுத்துவிட்டு வந்து இறங்குவதற்கும் வித்தியாசம் உண்டா, இல்லையா?

சரி, வேகத்துக்கு வருகிறேன். அண்ணன் ஒரு நிமிடம் என்றார். கணக்கு சரிதான். ஜிபிஆர்எஸ்ஸில் நமக்கு நிஜமாகக் கிடைத்தது வினாடிக்கு 30, 40 கிலோபிட். 300 கிலோபைட் உள்ள ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். பத்து கிலோபைட்டுக்குப் பத்து காசு என்ற கட்டணத்தில் அந்த ஒரு பக்கத்துக்கு மூன்று ரூபாய். அண்ணன் இந்த இடத்தில் நிறுத்திவிட்டார். மக்கள் இந்த இடத்தில் நிற்கவில்லை.

ஓபெரா மினி என்று ஒரு பிரவுசர் வந்ததே, மறந்துவிட்டாரா? நார்வே நாட்டு நிறுவனம், 2006 தொடக்கத்தில் உலகம் முழுவதற்கும் கொடுத்தது. நாம் கேட்கும் பக்கத்தை நம் போன் நேராகப் போய் எடுக்காது. அந்த நிறுவனத்தின் சர்வர் எடுக்கும், சுருக்கும், பத்தில் ஒரு பங்காகக்கூட ஆக்கி நம் கைக்கு அனுப்பும். மூன்று ரூபாய்ப் பக்கம் முப்பது காசுக்கு வந்தது, ஒரு நிமிடப் பக்கம் பத்து வினாடிக்குள் வந்தது. படம் வேண்டாம் என்று நிறுத்திவைத்தால் இன்னும் குறைவு. ஐபோன் 2008 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 31,000 ரூபாய். அதை வாங்க முடியாத நாம், இரண்டங்குலத் திரையில், எண் பட்டன்களைத் தட்டி, அதே செய்தித்தாளை, அதே ரயில்வே தளத்தை, அதே மெயிலைத் திறந்தோம். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் டிக்கெட் உறுதியானதா என்று பிஎன்ஆர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்பினோம். இது வதையா?

தமிழ் கட்டம் கட்டமாக வந்தது என்றார். வலிக்கும் விஷயம்தான், நானும் வருத்தப்பட்டவள். ஆனால் அந்தக் குறை இணையத்தோடு பிறந்ததல்ல. போனுக்குள்ளேயே தமிழ் எழுத்துரு இல்லை. எஸ்எம்எஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, யூனிகோட் தமிழில் 70தான். அதிலும் 'கி' என்று தட்டினால் 'க' ஒன்று, இகரக் கொக்கி ஒன்று என இரண்டாகக் கணக்கு வைக்கும். இந்தக் குறையை எதிர்த்து நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கலை ஒட்டி சிங்கப்பூரில் வெளியானது. செல்போனிலேயே தமிழில் தட்டலாம் என்று காட்டியது அது.

அப்புறம் அந்த ஓபெரா மினி வித்தை! முகவரி எழுதும் இடத்தில் 'ஓபெரா:கான்ஃபிக்' என்று தட்ட வேண்டும். வரும் பட்டியலின் அடியில், சிக்கலான எழுத்துகளுக்குப் பட வடிவ எழுத்துரு வேண்டுமா என்று ஒரு வரி இருக்கும். அதில் ஆம் என்று மாற்றிச் சேமித்தால் போதும். சர்வரே தமிழ் எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பும். கட்டங்கள் போய் அழகான தமிழ் வந்து நிற்கும். இதை நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எந்தக் கம்பெனியும் விளம்பரம் செய்யவில்லை. ஒருவர் கண்டுபிடித்தார், பத்துப் பேருக்குச் சொன்னார், அவர்கள் வலைப்பதிவில் எழுதினார்கள், வகுப்பில் காதோடு காதாகச் சொன்னார்கள். படமாக வருவதால் டேட்டா கூடுதலாகச் செலவாகும் என்று தெரிந்தும் தமிழுக்காக அந்தக் காசைக் கொடுத்தார்கள். 2004-இல் தொடங்கிய, தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டித் தந்த தமிழ்மணம் தளத்தில் அன்றாடம் என்ன பதிவு வந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் உட்கார்ந்து படித்தவர்கள் அவர்கள். எந்த மொழிக்காரனுக்கும் பெருமைப்படத் தக்க வேலை இது. இதைப் போய் வதைக் கணக்கில் எழுதலாமா?

சார்ஜ் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று. 2012-இல் சென்னைக்கு வெளியே எத்தனை ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை என்பதை இந்த அரங்கம் மறந்திருக்காது. பிரவுசிங் சென்டரில் இன்வெர்ட்டர் தீர்ந்ததும் எல்லோரும் எழுந்து வர வேண்டியதுதான். டவருக்கு பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் இருந்தன, நம் கையில் கழற்றி மாட்டும் பேட்டரி இருந்தது. நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரி எந்தப் பெட்டிக்கடைப் பக்கம் கேட்டாலும் கிடைத்தது. இருட்டில் இருந்த ஊர்களில் இணையம் என்று ஒன்று உயிரோடு இருந்தது என்றால் அது செல்போனில்தான்.

நடுவர் அவர்களே, இனி விடுதிக்கு வருகிறேன். படிப்பு முடித்துச் சென்னையில் வேலை தேடியபோது நான் தங்கியிருந்தது பெண்கள் விடுதியில். எட்டு மணிக்குக் கேட் பூட்டிவிடுவார்கள். அன்றைக்கு வேலைக்கு அழைப்பு மெயிலில் வரும். நாளை காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு, இன்ன சான்றிதழ்களோடு வரவும் என்று மாலை ஏழு மணிக்கு அனுப்பிவிடுவார்கள். ஆண்பிள்ளைகள் மேன்ஷனிலிருந்து இறங்கி எதிரே இருக்கும் சென்டருக்குப் போய்ப் பார்த்துவிடுவார்கள். பூட்டிய கேட்டுக்குள் இருக்கும் நாங்கள்? ஞாயிற்றுக்கிழமை போய்த் திறந்து பார்த்தால் புதன்கிழமை போயிருக்க வேண்டிய இன்டர்வியூ இருக்கும். தகுதி இருந்தது, படிப்பு இருந்தது, போட்டிக்கு வந்த அழைப்பே கைக்கு வராமல் வாய்ப்புப் போனது. எங்கள் அறையில் ஒருத்தியின் போனில் ஜிபிஆர்எஸ் செட்டிங் வந்த நாளிலிருந்து அது மாறியது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அந்த ஒரே போன் கை மாறும். ஒவ்வொருத்தியும் தன் மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு, கடவுச்சொல்லை அழித்துவிட்டு அடுத்தவளிடம் கொடுப்பாள். ஆளுக்கு ஐந்து ரூபாய் போட்டு டாப்-அப் செய்வோம். அழைப்பு வந்தவளுக்குச் சுடிதார் இஸ்திரி போட்டுக் கொடுக்க நான்கு பேர் இருப்பார்கள். எனக்கு முதல் வேலை கிடைத்ததும் அப்படிப் பார்த்த ஒரு மெயிலால்தான்.

பேலன்ஸ் கரைந்த புகாரை நான் தட்டிக் கழிக்க மாட்டேன். நடு பட்டனில் தெரியாமல் விரல் பட்டு பிரவுசர் திறந்து காசு போனது. ஏழை வீட்டில் அந்தப் பத்து ரூபாய் பெரிய காசு, அதற்குக் கோபப்பட எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் கோபம் யார்மேல்? கேட்காமலேயே சேவையைத் திறந்துவைத்துக் கட்டணம் எடுத்த முறையின்மேல் இருக்க வேண்டும். தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ட்ராய் அமைப்பு 2015-இல் இணையத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் 1925 என்ற எண்ணைக் கொண்டுவந்ததே, அது இணையம் வேண்டாம் என்றா? நம் சம்மதம் இல்லாமல் திறக்கக் கூடாது என்று. தராசில் கோளாறு இருந்தால் தராசைத்தான் திருத்த வேண்டும், அரிசியைக் குறை சொல்லக் கூடாது.

பத்து கிலோபைட்டுக்குப் பத்து காசு என்ற அதே கட்டணம் இன்னொரு வேலையும் செய்தது. எங்கள் தெருவில் ஒரு அக்கா, கணவர் ஷார்ஜாவில். அங்கே ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப ஐந்து ரூபாய் ஆகும். ஐஎஸ்டி பேச்சு நிமிடக் கணக்கில் ஓடும். பேசுவதே பூத்தில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே அடுத்த ஆள் நிற்கும்போது, மீட்டரைப் பார்த்துக்கொண்டே. நிம்பஸ் போன்ற அரட்டைச் செயலிகள் வந்த பிறகு கணவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஆன்லைன் வா என்று அர்த்தம். இந்த அக்கா ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார். 'சாப்டியா', 'பாப்பாவுக்கு ஜுரம் விட்டிருச்சு', 'மாமியார் மருந்து வாங்கியாச்சு'. ஒரு கால் குறுக்கே வந்தால் ஜிபிஆர்எஸ் நின்றுவிடும், முடிந்ததும் மறுபடி தொடர்வார். ஐந்து ரூபாயில் ஒரு செய்தி போன இடத்தில் ஒரு மாலைப் பொழுது முழுக்கப் பேச்சு போனது. கடிதத்தில் ஆறு வரி எழுதிவிட்டுப் பதிலுக்கு இரண்டு வாரம் காத்திருந்த மனைவி, குழந்தைக்கு ஜுரம் விட்ட அன்றைக்கே அதைக் கணவனிடம் சொன்னார். கடைக்காரர் கேட்கவில்லை, பூத்தில் நின்றவர் கேட்கவில்லை, அவர்கள் இருவருக்குள் மட்டும் நடந்த பேச்சு அது.

அடுத்து எதிரணியிலிருந்து பேச வரும் தங்கையிடம் நான் ஒன்று கேட்கிறேன். அந்த அக்காவின் எதிரே நின்று, உங்கள் கையில் இருந்தது வதை என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா? வரும் என்றால் வந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நடுவர் அவர்கள் வசதியே என்று தீர்ப்பளிக்க வேண்டுமென்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.