பேரைப் பாத்து ஆளெடுக்கிறதா, ஃபோர்மைப் பாத்தா? ரைடர் கிண்ணம் பற்றி ஒரு கதை

வணக்கம் உறவுகளே! இரணைமடுக் குளக்கட்டில நிண்டு கதைக்கிறன், காத்து இரைச்சல் கேட்டா பொறுத்துக்கொள்ளுங்கோ. இண்டைக்கு கோல்ஃப். வன்னியில ஆர் கோல்ஃப் பாக்கிறது எண்டு ஓடிப்போயிடாதேங்கோ. எங்கட ஊர்க் கழகங்களில டீம் எடுக்கேக்க வாற அதே சண்டைதான் இது.

ரைடர் கிண்ணம் தெரியாத ஆக்களுக்கு: ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும். ஒரு பக்கம் 12 பேர், மொத்தம் 28 புள்ளி. 2025இல ரெண்டு பக்கமும் 6 பேர் தங்கட புள்ளியால உள்ள வந்தவை, மிச்சம் 6 பேரை கப்டன் தன்ர விருப்பத்துக்கு எடுத்தவர். பிரச்சினை அந்த 6 இடத்திலதான்.

2025 செப்டெம்பர், நியூயோர்க் பெத்பேஜ். நான் இரவிரவா முழிச்சிருந்து பாத்தனான். அமெரிக்கக் கப்டன் கீகன் பிராட்லி, கொலின் மொரிகாவாவை எடுத்திருந்தார். பெரிய ஆள்தான், ரெண்டு மேஜர் (கோல்ஃபில வருசத்துக்கு நாலு தரம் வாற ஆகப் பெரிய போட்டியள்) வெண்டவர், ஆனா அந்த வருசம் ஒரு போட்டியும் வெல்லேல்ல. அவரையும் ஹாரிஸ் இங்கிலிஷையும் ஃபோர்சம்ஸுக்குச் சோடியா இறக்கினவர். ஃபோர்சம்ஸ் எண்டா ரெண்டு பேருக்கும் ஒரே பந்து, மாறி மாறி அடிக்கோணும். நீங்கள் பத்தைக்குள்ள அடிச்சு விட்டா உங்கட கூட்டாளிதான் அதுக்குள்ள இறங்கி நிண்டு எடுக்கோணும். வெள்ளிக்கிழமை ஐரோப்பாவின்ர மக்கில்ரோய், ஃப்ளீட்வுட் சோடியிட்ட படுதோல்வி. சனிக்கிழமை அதே சோடியை திரும்ப அனுப்பினார், எதிரில வந்ததும் அதே ரெண்டு பேர், திரும்பவும் தோல்வி. எனக்கு வந்த கோபம்!

அதே டீமில கமரன் யங் எண்ட நியூயோர்க் பெடியன். முதல் தரம் ரைடர் கிண்ணம் விளையாடுறான். ஆகஸ்ட்டில அமெரிக்காவின்ர பெரிய கோல்ஃப் தொடரான பிஜிஏ டூரில தன்ர முதலாவது வெற்றியை எடுத்த சூட்டோட வந்தவன், நாலு மட்ச்சில மூண்டு வெண்டான். கடைசியில ஐரோப்பா 15-13.

இதில எனக்கு நோகிற இடம் என்னண்டா, 2023 ரைடர் கிண்ணத்துக்கு ரோமுக்குப் போன அமெரிக்க டீமில இதே பிராட்லியை விட்டிட்டுப் போனவை. அந்த வருசம் அவர் டிராவலர்ஸ் எண்ட பிஜிஏ டூர் போட்டி வெண்டவர். லூகஸ் குளோவர் ஆகஸ்ட்டில அடுத்தடுத்த ரெண்டு கிழமை ரெண்டு போட்டி வெண்டவர், அவரையும் எடுக்கேல்ல. சீசன் கடைசியில வாற பிளேஓஃப் போட்டியளுக்கே தகுதி பெறாத ஜஸ்டின் தோமஸ் உள்ளுக்கு வந்தார். அந்த வலியை அனுபவிச்ச மனிசன் தான் கப்டனா வரேக்க கொஞ்சம் யோசிச்சிருக்கோணும்.

சரி, மற்றப் பக்கத்தையும் சொல்லோணும். 2018 பாரிஸ். ஐரோப்பாவின்ர சேர்ஜியோ கார்சியா அந்த வருசம் நாலு மேஜரிலயும் கட் தாண்டேல்ல, அதாவது முதல் ரெண்டு நாளோட வெளியில போனவர். மூண்டு போட்டி வெண்ட மட் வோலஸை விட்டிட்டு கார்சியாவை எடுத்தது சரியான அநியாயம் எண்டு நினைப்பியள். ஆனா அவர் நாலில மூண்டு வெண்டு, ரைடர் கிண்ண வரலாற்றிலயே கூடப் புள்ளி எடுத்த ஆளானார். எதிர்ப்பக்கம் டைகர் வூட்ஸ் அதுக்கு முந்தின கிழமைதான் டூர் சாம்பியன்ஷிப் எண்ட போட்டியை வெண்டிட்டு வாறார், நாலு மட்ச்சும் தோல்வி. ஆனா டைகரின்ர ரைடர் கிண்ணக் கணக்கை எடுத்துப் பாருங்கோ: 13 வெற்றி, 21 தோல்வி, 3 சமன். கார்சியா இந்தக் களத்திலயே திரும்பத் திரும்ப வெண்டு காட்டின ஆள். அப்பிடி இந்தக் களத்தில உழைச்ச பேரெண்டா ஒராளை எடுங்கோ, நான் மறுக்கேல்ல. தனியா வெண்ட மேஜரைக் காட்டி சோடி விளையாட்டுக்கு இடம் கேக்கிறதைத்தான் மறுக்கிறன்.

இஞ்ச எங்கட உதைபந்தாட்டத்திலயும் இதுதானே நடக்குது. போன வருசம் ஒரு இறுதிப் போட்டி பாத்தனான், கழகத்தின்ர பேர் வேண்டாம். பயிற்சிக்கே வராத ஒரு பழைய முன்கள வீரர் முழு நேரமும் உள்ள. இடைவேளைக்குப் பிறகு அவரால ஓடவே முடியேல்ல, இடுப்பில கையை வைச்சுக்கொண்டு நிண்டார். அந்த சீசன் முழுக்க கோல் அடிச்ச பெடியன் சப்பாத்துக் கயித்தை இறுக்கிறதும் அவிழ்க்கிறதுமா கோட்டுக்கு வெளியில குந்தியிருந்தான். "அண்ணைய எப்பிடி வெளியில எடுக்கிறது" எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. மரியாதையை மேடையில மாலை போட்டுக் குடுங்கோ, அந்த இடத்தைப் பெடியனுக்குக் குடுங்கோ.

அடுத்த ரைடர் கிண்ணம் 2027இல அயர்லாந்து அடேர் மேனரில. அதுக்கு முதல், அந்தப் பெடியன் இப்ப வேற கழகம் மாறிட்டான், வாற ஞாயிறு அவனுக்கு மட்ச் இருக்கு. நான் கமராவோட போறன், அடுத்த வீடியோ அதுதான்.