விமானம் இறங்கியதும் ஓடத் தொடங்கும் கடிகாரம்

நேயர்களுக்கு வணக்கம். விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்குத் தனி வண்டி பதிவு செய்வது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. இதில் பேச என்ன இருக்கிறது, பெயரையும் தேதியையும் போட்டுப் பணத்தைக் கட்டினால் வண்டி வந்து நிற்காதா என்று தோன்றலாம். பெரும்பாலும் நிற்கும். நிற்காத அன்று என்ன நடந்தது என்று பார்த்தால், வழியில் ஏற்பட்ட கோளாறாக இருப்பது குறைவு. பதிவுப் படிவத்தின் ஏதோ ஒரு கட்டத்தில், ஒரு மாதத்துக்கு முன்பே அந்தக் கோளாறு உட்கார்ந்திருக்கும்.

முதலில் ஒரு கேள்வி: இந்த வண்டி உங்களுக்குத் தேவையா? கையில் சின்னப் பெட்டியோடு பகல் நேரத்தில் இறங்கும் ஒருவருக்கு, ரயில் நேராக நகருக்குள் போகும் ஊரில் இது வீண் செலவு. ஹாங்காங்கில் விமான நிலைய ரயில் 24 நிமிடத்தில் நகர மையத்தில் இறக்கிவிடும். எந்தக் காரும் அதோடு போட்டி போட முடியாது. நள்ளிரவில் இறங்குபவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள், வயதானவர்கள், நாலைந்து பேர் சேர்ந்து போகிறவர்கள், ரயில் நிலையத்திலிருந்து தூரமான இடத்தில் தங்குபவர்கள் ஆகியோருக்குத்தான் தனி வண்டி உண்மையில் கைகொடுக்கும். வாசலில் வரிசையில் நிற்கும் டாக்சிக்கும் இதற்கும் முக்கிய வேறுபாடு இரண்டு. கட்டணம் முன்பே முடிவாகிவிடும். டிரைவர் உங்களுக்காகக் காத்திருப்பார். சில ஊர்களில் இது சட்டத்திலேயே இருக்கிறது. லண்டனில் தனியார் வாடகை வண்டி, பதிவு இல்லாமல் தெருவில் ஆளேற்றக் கூடாது. அங்கே விமான நிலைய வாசலில் ஒருவர் தாமாக வந்து "கார் வேண்டுமா" என்று கேட்டால், அந்தக் கேள்வியே எச்சரிக்கை.

சரி, படிவத்துக்கு வருவோம். முதல் கட்டம் விமான நிலையம். ஊர்ப் பெயரை மட்டும் தட்டி, முதலில் வருவதைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். லண்டன் என்ற பெயரை ஒட்டி 6 விமான நிலையங்கள் இருக்கின்றன. டோக்கியோவுக்கு இரண்டு: ஹனேடா நகரிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர், நரிட்டா 60 கிலோமீட்டருக்கு மேல். பிராங்க்பர்ட்-ஹான் என்ற பெயரில் பிராங்க்பர்ட் இருந்தாலும், அங்கிருந்து அந்நகரம் 100 கிலோமீட்டருக்கு அப்பால். இஸ்தான்புல்லில் ஒரு விமான நிலையம் ஐரோப்பியக் கரையில், இன்னொன்று ஆசியக் கரையில். அதனால் பயணச்சீட்டில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்த்து, அதே குறியீட்டைப் படிவத்திலும் தேடுங்கள். அடுத்து டெர்மினல். லண்டன் ஹீத்ரோவில் 2ஆம், 3ஆம் டெர்மினல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 4ஆவதும் 5ஆவதும் தனித்தனி இடங்களில். தப்பான டெர்மினலில் நிற்கும் டிரைவர் "இதோ வந்துவிட்டேன்" என்று சொல்லி வந்து சேர 20 நிமிடம் ஆகலாம்.

இரண்டாவது கட்டம், விமான எண். கட்டாயம் இல்லை என்று போட்டிருந்தாலும் எழுதாமல் விடாதீர்கள். வண்டி நிறுவனம் அந்த எண்ணை வைத்துத்தான் விமானம் எங்கே பறக்கிறது என்று பார்க்கிறது. தாமதமானால் டிரைவரின் நேரத்தைத் தள்ளி வைக்கிறது. எண் இல்லையென்றால் நீங்கள் எழுதிய நேரத்துக்கு வருவார், காத்திருப்பார், போய்விடுவார். இதில் மூன்று சிக்கல்கள் உண்டு. மாறிப் போகும் பயணமென்றால் கடைசி விமானத்தின் எண்ணைத்தான் தர வேண்டும். கிளம்பும் ஊரிலிருந்து ஏறும் முதல் விமானத்தின் எண்ணைத் தருபவர்கள் ஏராளம். ஒரே விமானத்துக்கு இரண்டு மூன்று நிறுவனங்கள் தங்கள் தங்கள் எண்ணைக் கொடுத்திருக்கும். பயணச்சீட்டில் "இயக்குபவர்" என்று யார் பெயர் இருக்கிறதோ, அவர்களுடைய எண்ணைத் தருவது பாதுகாப்பு. மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. முதல் விமானம் தாமதமாகி, இரண்டாவதை நீங்கள் தவறவிட்டீர்கள் என்று வையுங்கள். அந்த இரண்டாவது விமானம் உங்களை விட்டுவிட்டுச் சரியான நேரத்துக்குப் போய் இறங்கிவிடும். கணினி பார்ப்பது விமானத்தை; அதற்குள் நீங்கள் இருக்கிறீர்களா என்பது அதற்குத் தெரியாது. டிரைவர் உங்கள் பெயர்ப் பலகையோடு நின்றுவிட்டு, ஆள் வரவில்லை என்று எழுதிவிட்டுப் போவார். பணமும் போகும். மாற்று விமானம் உறுதியான அந்த நிமிடமே, காப்பி வாங்கப் போவதற்கும் முன்னால், புது எண்ணை வண்டிக்காரர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

தேதி எளிதாகத் தெரியும். தெரியாமல் கவிழ்ப்பதும் அதுதான். 14ஆம் தேதி இரவு கிளம்பி விடிகாலை இறங்கும் விமானத்துக்குப் பயணச்சீட்டில் நேரத்தின் பக்கத்தில் பொடி எழுத்தில் கூட்டல் ஒன்று என்று போட்டிருக்கும். மறுநாள் என்று அர்த்தம். வண்டியை 15ஆம் தேதிக்குப் பதிய வேண்டும். அதைவிட மோசம் நள்ளிரவு 12.20. சனிக்கிழமை இரவு இறங்குகிறோம் என்று நாம் பேச்சில் சொல்கிறோம். நாள்காட்டிப்படி அது ஞாயிறு. 12 மணிக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்ற குழப்பம் வராமலிருக்க 24 மணி முறையில் 00.20 என்று எழுதுங்கள். எல்லா நேரமும் இறங்கும் ஊரின் நேரம். பயணச்சீட்டிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள், கூட்டிக் கழிக்க வேண்டாம்.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். "60 நிமிடம் இலவசக் காத்திருப்பு" என்று பல நிறுவனங்கள் எழுதியிருக்கும். எதிலிருந்து 60 நிமிடம் என்பதுதான் கேள்வி. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பயணச்சீட்டில் 10.00 மணி. விமானம் கொஞ்சம் தாமதமாக 10.20க்கு ஓடுபாதையைத் தொடுகிறது. ஓடுபாதையிலிருந்து ஊர்ந்து நிறுத்துமிடம் வர 10.35. கதவு திறந்து, நடந்து, குடியேற்றச் சோதனையை முடிக்க 11.05. பெட்டி வர 11.25. சுங்கத்தைத் தாண்டி வெளியே கால் வைக்கும்போது 11.35. இதில் ஒன்றும் அசாதாரணம் இல்லை. காத்திருப்பு, பயணச்சீட்டு நேரத்திலிருந்து எண்ணப்பட்டால் 11.00க்கே முடிந்துவிட்டது; 35 நிமிடத்துக்குக் கூடுதல் கட்டணம். ஓடுபாதையைத் தொட்ட நேரத்திலிருந்து எண்ணினால் 11.20, 15 நிமிடத்துக்குக் கட்டணம். இறங்கி 45 நிமிடம் கழித்து வண்டி வந்தால் போதும் என்று முன்பே கேட்டிருந்தால், 11.05க்குத்தான் கடிகாரம் தொடங்கும், 12.05 வரை கவலையில்லை. அதே விமானம், அதே டிரைவர். படிவத்தில் ஒரு வரி மட்டும் வேறு. அந்தத் தேர்வு இருக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்துங்கள். கையில் எடுத்துச்செல்லும் பை மட்டுமே, உள்நாட்டு விமானம் என்றால் தள்ளிப்போடத் தேவையில்லை. 15, 20 நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள்.

அடுத்து டிக்கி. நான்கு பேர் வண்டி என்றால் நான்கு பேர் உட்காரலாம். நான்கு பேரின் பெட்டிகளும் போகும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. 75 சென்டிமீட்டர் உயரம், 50 அகலம், 30 கனம் உள்ள பெரிய சூட்கேஸ் ஏறக்குறைய 112 லிட்டர். சாதாரண செடான் காரின் டிக்கி 450 லிட்டர் என்றால், காகிதத்தில் நான்கு பெட்டி அடங்கிவிட வேண்டும். டிக்கியைத் திறந்து பாருங்கள். சக்கரத்துக்கு மேலே இரண்டு பக்கமும் புடைத்திருக்கும், மூடி சரிந்து இறங்கும், வாய் குறுகலாக இருக்கும். பெரியது இரண்டு, இடுக்கில் சின்னது ஒன்று, அவ்வளவுதான். எரிவாயு சிலிண்டர் வைத்த வண்டியென்றால் அதிலும் பாதி போச்சு. பெரிய பெட்டியின் எண்ணிக்கை இரண்டைத் தாண்டினால் ஒரு படி பெரிய வண்டியைப் பதிவு செய்யுங்கள். வாசலில் நின்று இரண்டாவது வண்டி தேடுவதைவிட அந்த விலை வித்தியாசம் குறைவாகத்தான் இருக்கும். குழந்தைத் தள்ளுவண்டி, சக்கர நாற்காலி, இசைக்கருவிப் பெட்டி எல்லாம் எண்ணிக்கையில் சேர வேண்டும். சக்கர நாற்காலி மடங்குமா மடங்காதா என்றும் எழுதுங்கள். மடங்காததற்குச் சாய்தளம் உள்ள வண்டி வேண்டும்.

குழந்தை இருக்கை கேட்பவர்கள் வயதை மட்டும் எழுதாமல் எடையையும் உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள். "குழந்தை இருக்கை ஒன்று" என்று மட்டும் எழுதினால், கைக்குழந்தைக்கு மூன்று வயதுப் பிள்ளையின் இருக்கை வந்து நிற்கும்.

போய்ச் சேருமிடத்தைப் பலர் "நகர மையம்" என்று விட்டுவிடுகிறார்கள். விலையைப் பார்க்க அது போதும், பயணத்துக்குப் போதாது. ஒரே பெயரில் ஓட்டல் ஒரே ஊரில் மூன்று இருக்கலாம். முழு முகவரி, அஞ்சல் குறியீடு, வரைபடத்தில் ஊசி குத்திய இடம், மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வாடகைக் குடியிருப்பு என்றால் சாவி வாங்குமிடம் வேறாக இருக்கும்; அதை இடை நிறுத்தமாக முன்பே சேர்க்க வேண்டும். பழைய நகரங்களில் இன்னொரு தொல்லை: கார் உள்ளே போகாது. வெனிஸில் கார்ப் பாதை ரோமாச் சதுக்கத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படகு, அல்லது பாலங்களில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடை. இத்தாலியின் பல நகரங்களில் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் அபராதம் விழும் பகுதிகள் உண்டு. அதனால் "வாசல் வரை வருமா, எந்த முனையில் இறக்குவீர்கள்" என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

பெயர்ப் பலகை பற்றி ஒரு வார்த்தை. படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நீங்கள் எழுதியதுதான் பலகையில் வரும். அங்கே அப்பா பெயரை எழுதியிருந்தால், கூட்டத்தில் நீங்கள் தேட வேண்டியது அப்பாவை! பலகையில் என்ன வர வேண்டுமோ அதைக் குறிப்பில் தனியாக எழுதுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டால் மட்டும் நம்பி ஏறாதீர்கள். பலகையைப் படிக்க யாருக்கும் முடியும். பதிவு எண்ணையும் போகும் இடத்தையும் அவர் சொல்லட்டும். வண்டி எண் உங்களுக்கு வந்த செய்தியோடு ஒத்துப்போகட்டும்.

விலையில் சுங்கச்சாவடி, வாகன நிறுத்தம், இரவுக் கட்டணம், வரி நான்கும் அடக்கமா என்று பாருங்கள். கட்டணமில்லாமல் ரத்து செய்யப் பலர் 24 மணி நேரம் முன்பு வரை விடுகிறார்கள். சிலர் அதைவிடக் கண்டிப்பு. அட்டையில் கட்டும்போது உங்கள் நாட்டுப் பணமா, அந்த நாட்டுப் பணமா என்று கேட்டால் அந்த நாட்டுப் பணத்தைச் சொல்லுங்கள். உங்கள் பணத்துக்கு மாற்றித் தருவதாகச் சொல்லும் விகிதம் பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இராது.

தொலைபேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு, முன்னால் உள்ள சுழியத்தை எடுத்துவிட்டு எழுதுங்கள். இறங்கியதும் சிம் மாற்றுபவரானால், எந்த எண் உயிரோடு இருக்குமோ அதைத் தாருங்கள். விமான நிலைய வைஃபையை நம்பி இறங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. சில இடங்களில் அதைத் திறக்கக் குறுஞ்செய்தியில் குறியீடு வர வேண்டும். ரோமிங் இல்லாத போனுக்கு அது வராது. டிரைவரின் எண், நிறுவனத்தின் எண், சந்திக்கும் இடம் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பதிவு செய்த இணையதளம் ஒன்று, வண்டி அனுப்பும் உள்ளூர் நிறுவனம் இன்னொன்று என்பது சகஜம். டிரைவர் விவரம் சில மணி நேரத்துக்கு முன்புதான் வரும். ஆனால் முதல் நாள் மாலை வரை பதிவை உறுதி செய்யும் செய்திகூட வரவில்லையென்றால் உள்ளூர் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

திரும்பும் பயணத்துக்கான படிவத்தில் "நேரம்" என்று கேட்கும் கட்டத்தை இரண்டு முறை படியுங்கள். விமானம் கிளம்பும் நேரத்தையா, வண்டி வர வேண்டிய நேரத்தையா? மாற்றிப் போட்டால் விமானம் மேலே ஏறும்போது வண்டி உங்கள் வாசலில் நிற்கும். வெளிநாட்டு விமானம் 18.00 என்றால் 15.00க்கு நிலையத்தில் இருக்க வேண்டும்; சாலை 50 நிமிடம், நெரிசலுக்கு 30 சேர்த்தால் 13.40. ஓட்டல் வாசலில் காத்திருப்பு பல இடங்களில் 15 நிமிடம்தான். அறைக் கணக்கைத் தீர்த்துவிட்டு இறங்குங்கள்.

இவ்வளவும் செய்தும் வெளியே வந்தால் பலகை இல்லை என்று வையுங்கள். கோபத்தில் டாக்சி பிடித்துவிட்டால், ஆள் வரவில்லை என்று உங்கள் பெயரிலேயே பதிவாகிவிடும். பிறகு பணம் கேட்பது கடினம். சந்திக்கும் இடத்தின் அறிவிப்புப் பலகையும் நேரமும் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். டிரைவரைக் கூப்பிடுங்கள், எடுக்காவிட்டால் நிறுவனத்தை. "இந்த வாசலில் நிற்கிறேன்" என்று எழுத்திலும் அனுப்புங்கள். எத்தனை நிமிடத்தில் வரும் என்ற பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். அந்த நிமிடமும் கடந்த பிறகு, "வண்டி வராததால் வேறு ஏற்பாடு செய்கிறேன்" என்று அனுப்பிவிட்டு, டாக்சி வரிசைக்குப் போய், ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வணக்கம்.