அனனியா சொன்ன இரண்டு வருஷம்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

எரேமியா 29-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனம் உங்களில் பலருக்கு மனப்பாடமாகத் தெரியும். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று கர்த்தர் சொல்லுகிறார், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." காலண்டரில் வரும், சுவரில் தொங்கும். நல்ல வசனம்தான், தொங்கட்டும். ஆனால் அதற்கு முந்தின 10-ஆம் வசனத்தை யாரும் சுவரில் மாட்டி நான் பார்த்ததில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்தபின்புதான் உங்களைச் சந்திப்பேன் என்கிறது அந்த வசனம்.

எழுபது வருஷம்! கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பிடித்துக்கொண்டுபோன மக்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய கடிதம் அது. அது வாசிக்கப்பட்டபோது கூட்டத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தால், அவருக்கு அந்த நிமிஷமே கணக்குப் புரிந்திருக்கும். நான் திரும்பிப் போகப்போவதில்லை, போனால் என் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோதான் போவார்கள். அப்படிப்பட்டவருக்குத்தான் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கே" என்ற வார்த்தை வருகிறது.

இதற்கு முந்தின அதிகாரத்தைப் படித்தால்தான் இந்தக் கடிதத்தின் கனம் தெரியும். அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிற அனனியாக்கள் வேறு, இவன் வேறு. எரேமியா மரநுகத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "பாபிலோனின் கீழே இருக்கத்தான் வேண்டும்" என்று சொல்லிவருகிற காலம். அனனியா ஆலயத்தில் எல்லோர் முன்பாகவும் எழுந்து, இரண்டே வருஷம், ஆலயத்துப் பணிமுட்டுகள் திரும்பி வரும், சிறைபட்டுப் போனவர்களும் வருவார்கள், ராஜாவும் வருவார் என்கிறான். அப்புறம் எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் போடுகிறான். கூட்டத்துக்கு எவ்வளவு உற்சாகமாக இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

நுகத்தை உடைப்பதற்கு முன்னால், அனனியா பேசி முடித்தபோதே, எரேமியா சண்டைக்குப் போகவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அவருக்கும் அந்த மக்கள் திரும்பி வரவேண்டும் என்ற ஆசை இருந்தது. தான் ஆசைப்படுகிறதையே கர்த்தர் சொன்னதாக அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அனனியாவின் குரல் இன்றைக்கும் கேட்கிறது. நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், குறை சொல்ல மனம் வரவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்தான், எல்லாம் சரியாகிவிடும்." "விசுவாசமாக ஜெபியுங்கள், இந்த மாதமே விடுதலை." அந்த மாதம் முடிந்து அடுத்த மாதமும் போனபின் படுக்கையில் இருக்கிறவர் என்ன நினைப்பார்? வியாதி ஒரு பக்கம். இப்போது "என் விசுவாசத்தில்தான் ஏதோ கோளாறு" என்ற பாரமும் அவர் தலையில் ஏறிவிட்டது. ஆறுதல் சொல்லப் போய் இரண்டாவது காயம் கொடுத்துவிட்டு வருகிறோம்.

எரேமியாவின் கடிதம் காலத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் செய்வதற்கு வேலை கொடுத்தது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் வைத்து அதன் பலனைச் சாப்பிடுங்கள், கல்யாணம் செய்து பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள். எதிரியின் பட்டணத்துக்காக ஜெபம்! நாளைக்கே ஊர் திரும்புகிறவன் தோட்டம் போடமாட்டான். இது நீண்டநாள் தாங்குகிற நம்பிக்கை.

சரி, ஆராதனைக்கு வருவோம். பாபிலோனில் அவர்களால் பாட முடிந்ததா? 137-ஆம் சங்கீதத்தைக் கேட்டால், முடியவில்லை என்கிறது. ஆறுகள் அருகே உட்கார்ந்து அழுதோம், கின்னரங்களை மரத்தில் தொங்கவிட்டுவிட்டோம், கர்த்தரின் பாட்டை அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவோம் என்று கேட்கிறார்கள். ஒன்றைக் கவனித்தீர்களா? "எப்படிப் பாடுவோம்" என்று கேட்டதே ஒரு பாட்டாகிவிட்டது. அது வேதத்தில் இருக்கிறது. நாம் இன்றைக்கும் ஆராதனையில் அதை வாசிக்கிறோம்.

150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்கள். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். அதன் முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்டுவிடுகிறது. 88-ஆம் சங்கீதம் இன்னும் கடினம், கடைசி வரி வரைக்கும் விடியவே விடியாது. அதன் தலைப்பைப் பாருங்கள், இராகத்தலைவனிடம் கொடுக்கப்பட்ட பாட்டு என்றிருக்கிறது. யாரோ ஒருவர் இருட்டு அறையில் தனக்காக எழுதி ஒளித்துவைத்ததல்ல, சபை கூடிப் பாடுவதற்காகக் கொடுக்கப்பட்டது. ஆகவே ஆராதனைக்கு வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று காட்டிக்கொண்டு வரவேண்டும் என்று நம்மிடம் யார் சொன்னது? வேதம் சொல்லவில்லை.

"துதித்தால் உற்சாகம் வரும்" என்று அடிக்கடி சொல்கிறோம். வருகிற நாளும் உண்டு. வராத நாளில் என்ன செய்வது? அந்த நாளுக்குத்தான் சபை. மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் ஒரு வார்த்தை பேசியதாக அங்கே இல்லை. அவனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. நாலுபேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உங்களால் பாட முடியாத வாரத்தில் பக்கத்தில் இருக்கிறவர் பாடுகிறார். நீங்கள் வாயைத் திறக்காமல் நிற்கலாம், உட்கார்ந்தும் இருக்கலாம். அதற்காக நீங்கள் ஆராதனைக்கு வெளியே போய்விடவில்லை.

இதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். டீட்ரிக் போன்ஹோஃபர் ஜெர்மானியப் போதகர், ஹிட்லரை எதிர்த்தவர். 1943 ஏப்ரலில் கைதானார். சிறையிலிருந்து பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், பல வருஷமாகச் செய்வதுபோலவே தினமும் சங்கீதம் வாசிக்கிறேன் என்றார். 1945 ஏப்ரல் 8, ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேறு கைதிகளோடு ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் அடைத்துவைத்திருந்தார்கள். ஆராதனை நடத்தும்படி மற்றவர்கள் கேட்டபோது அவர் தயங்கினார். கூட்டத்தில் கத்தோலிக்கர்கள் இருந்தார்கள், கடவுளை நம்பாத சோவியத் நாட்டுக்காரர் ஒருவரும் இருந்தார். அவர்கள்மேல் எதையும் திணிக்க அவருக்கு விருப்பமில்லை. அவர்களே கேட்டதால்தான் நடத்தினார். அன்றைக்கு எடுத்த வசனங்கள் இரண்டு. ஒன்று ஏசாயா 53:5, அவருடைய தழும்புகளால் குணமாகிறோம். மற்றது 1 பேதுரு 1:3, கிறிஸ்து உயிர்த்தெழுந்ததினாலே உண்டான ஜீவனுள்ள நம்பிக்கை. ஆராதனை முடிந்த கையோடு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் தூக்கிலிட்டார்கள். ஒரு மாதத்தில் ஐரோப்பாவில் யுத்தம் முடிந்துவிட்டது. அந்த ஒரு மாதம் அவருக்குக் கிடைக்கவில்லை. அனனியாவின் கணக்கில் பார்த்தால் அவருடைய ஜெபம் தோற்றுப்போனது. கிறிஸ்தவ நம்பிக்கை அந்தக் கணக்கின்மேல் நிற்கவில்லை, காலியான கல்லறையின்மேல் நிற்கிறது. அதனால்தான் சாவுக்கு முந்தின நாளில் அவர் அந்த வசனத்தை எடுத்து வாசிக்க முடிந்தது.

நம்முடைய ஆண்டவரும், காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில், ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டுத்தான் சீஷர்களோடு ஒலிவமலைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அதே ஆண்டவர் தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று கேட்டார். பாட்டும் அந்த விண்ணப்பமும் ஒரே இரவில். ஒன்று இருந்தால் மற்றது இருக்கக்கூடாது என்று அவர் நினைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. கர்மேல் மலையில் அக்கினி இறங்கினதை ஞாபகப்படுத்தவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடவைத்தார். தீராத மனச்சோர்வில் இருக்கிறவர் மருத்துவரிடம் போவதும் மாத்திரை சாப்பிடுவதும் அவிசுவாசம் அல்ல. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று தெரிந்தவர்தான் அவனுக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பினார்.

இந்த வாரம் துக்கத்தில் இருக்கிற யாரையாவது பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எம்மாவுக்குப் போகிற வழியில் துக்கமாய் நடந்துபோன இரண்டு சீஷர்களோடு இயேசு எப்படிப் பேச ஆரம்பித்தார் என்று லூக்கா 24-இல் பார்த்துவிட்டுப் போங்கள். நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும், நடந்ததே அவருக்குத்தான். அப்படியிருந்தும் முதலில் கேள்வி கேட்டு, அவர்கள் முழுக்கச் சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டே நடந்தார். "நாங்கள் நம்பியிருந்தோம்" என்று அவர்கள் உடைந்து சொன்னதையும் சொல்லவிட்டார். வேத வசனத்தை எடுத்தது அதற்கு அப்புறம்தான். நீங்களும் தேதி குறித்துக் கொடுக்காதீர்கள். ஒருவேளை சாப்பாடு கொண்டுபோங்கள், முழுதும் கேளுங்கள், அவர் விரும்பினால் ஒரு சங்கீதம் வாசியுங்கள்.

இப்போது வேதாகமத்தைத் திறந்து 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். நான் ஒரு வசனம், நீங்கள் ஒரு வசனம். வாசிக்க முடியாத நிலையில் இருக்கிறவர்கள் சும்மா உட்கார்ந்திருங்கள், மற்றவர்கள் கொஞ்சம் சத்தமாகவே வாசிப்போம்.