ஆழம் பார்த்துக் காலை விடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஐஸ்லாந்தின் தெற்கே, செல்யாலாண்ட்ஸ்ஃபாஸ் அருவிக்குப் பக்கத்தில் பிரிந்து தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்குக்குப் போகிறது எஃப் 249 என்ற மண் தடம். ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் பாலமில்லாத ஆறுகள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு மட்டுமே அனுமதி. ஆற்றில் நேரும் சேதத்தை வாடகை வண்டிக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை.

இவை பனியாறு உருகி வரும் ஆறுகள். வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும். காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடியது மாலையில் தொடையைத் தொடலாம். அதனால் காலையிலேயே கடந்துவிடுங்கள். திரும்புவதையும் மறுநாள் காலைக்கு வையுங்கள். மழை பெய்தால் இந்தக் கணக்கு செல்லாது.

சாம்பல் கரைத்தது போன்ற தண்ணீர், அடி தெரியாது. ஆறு அகன்று, சிற்றலையோடு சலசலக்கும் இடத்தில் ஆழம் குறைவு. வழுவழுவென்று அமைதியாகப் போகும் இடம்தான் ஆழம். நேற்றைய துறை இன்றைக்கு இருக்கும் என்று நம்பாதீர்கள். இறங்கிப் பார்க்க அஞ்சும் ஆற்றில் வண்டியையும் இறக்காதீர்கள்.

ஆற்றில் இறங்குமுன் சீட் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கிவிடுங்கள். லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டும் கியர் அமைப்பு), முதல் கியர். நீரோட்டத்தோடு சற்றே சாய்வாக, நடக்கிற வேகத்தில், நிற்காமல் போக வேண்டும். அப்போது முன்னால் ஓர் அலை எழும்பி, பானெட்டுக்குள் தண்ணீர் தாழ்ந்து நிற்கும். வேகமாகப் பாய்ந்தால் அதே தண்ணீர் எஞ்சின் காற்றிழுக்கும் ஏர் இன்டேக்கில் அடிக்கும். நடு ஆற்றில் கியர் மாற்றாதீர்கள். கிளட்சை மிதித்தால் தட்டுகளுக்கிடையே தண்ணீர் புகுந்து வழுக்கும்.

எஞ்சின் தண்ணீரைக் குடித்து நின்றுவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து முட்டினால் அதைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கயிறு கட்டி இழுத்து, ஸ்பார்க் பிளக்குகளை, டீசல் வண்டியென்றால் இன்ஜெக்டர்களைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே சுழற்ற வேண்டும். ஆபத்தென்றால் 112.

கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்துங்கள். ஊர் திரும்பியதும் டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவே சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பற்சக்கரப் பெட்டி) எண்ணெயைப் பாருங்கள். சூடான டிஃபரன்ஷியல் குளிர்நீரில் சட்டென்று குளிர்ந்து, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள்.

கடைசியில் வருவது குரோசௌ ஆறு. வாடகைக்கு எடுத்த சிறு ஜீப்பை அதில் இறக்கவே வேண்டாம். உயரச் சக்கரப் பேருந்துகள்கூட நிதானித்தே கடக்கும். இக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போகலாம். அங்கே சக்கரம் பொருத்திய நடைபாலம் உண்டு. ஆறு தடம் மாறினால் பாலத்தையும் தள்ளி வைப்பார்கள்.