விண்ட்ஹோக்கின் தாகம்: கடல்நீரா, கழிவுநீரா?

நடுவர் அவர்களே, வணக்கம். நமீபியா போன்ற வறண்ட நாட்டுக்குக் கைகொடுப்பது கடல்நீரா, கழிவுநீரா என்பது தலைப்பு. கழிவுநீரே என்று பேச எழுந்ததும் முன்வரிசையில் இரண்டு பேர் மூக்கைப் பொத்துகிறார்கள். பரவாயில்லை.

"இவ்வளவு நீளக் கடற்கரை இருக்கும்போது சாக்கடையில் ஏன் கை வைக்க வேண்டும்?" என்று கேட்டு எதிரணி நண்பர் கைதட்டலும் வாங்கிவிட்டார். கடல் இருக்கிறது ஐயா, தலைநகரம் எங்கே இருக்கிறது? விண்ட்ஹோக் சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆயிரம் லிட்டரை அங்கே ஏற்ற மட்டும் குறைந்தது நாலரை யூனிட் மின்சாரம் வேண்டும். உப்பை எடுக்கும் செலவு தனி. வற்றாத ஆறுகளோ நாட்டின் எல்லைகளில்தான் ஓடுகின்றன. நடுவில் இருக்கும் ஊர் என்ன செய்யும்?

1968-லேயே செய்து காட்டிவிட்டது. கழிவுநீரைச் சுத்திகரித்து நேரடியாகக் குடிநீர்க் குழாயில் விட்டதில் உலகுக்கே முன்னோடி அந்த ஊர். 2002-ல் அந்த ஊரின் கொரியாங்காப் பகுதியில் வந்த புது ஆலையால் நாளொன்றுக்கு 2.1 கோடி லிட்டர் தர முடியும். நகரக் குடிநீரில் ஏறக்குறைய கால் பங்கு!

முதல் சாமர்த்தியம் இயந்திரத்தில் இல்லை, குழாயில் இருக்கிறது. தொழிற்சாலைக் கழிவுக்குத் தனிப்பாதை. வீட்டுக் கழிவுதான் இந்தப் பக்கம் வரும். ஓர் ஆலையில் முதல் சுத்தம் முடிந்து கொரியாங்காபுக்கு வந்ததும், அழுக்கைத் திரட்டி எடுக்கிறார்கள். மணலில் வடிக்கிறார்கள், ஓசோன் செலுத்துகிறார்கள், கரிப்படுகையில் ஊறவிடுகிறார்கள். அப்புறம் கிருமியைத் தடுக்கும் மெல்லிய சவ்வு, குளோரின். கடைசியில் அணைநீரோடு கலந்துதான் வீட்டுக்குப் போகிறது.

"அடுத்தவர் குளித்த தண்ணீரா?" என்று முகம் சுளிப்பவர்களே, ஆற்றங்கரை ஊர்கள் காலங்காலமாக என்ன குடிக்கின்றன? மேலூர்க்காரர் குளித்துத் துவைத்து விட்டதைத்தானே? அங்கே யாரும் ஓசோன் செலுத்தவில்லை.

குழாயில் தண்ணீர் வந்தால்தானே கழிவுநீரே வரும் என்று அடுத்து வருபவர் மடக்குவார். சரி, அதனால்தான் கால் பங்கு என்றேன். ஆனால் மழை பொய்த்த ஆண்டிலும் ஊர் குளிக்காமல் இருப்பதில்லையே! அணை வற்றும்போதும் இந்த வாய்க்கால் ஓடும்.

கடலோர ஊர்களுக்குக் கடல்நீர் சரி, விட்டுத்தருகிறேன். விண்ட்ஹோக்குக்கு வேண்டும் என்றால், அந்த நாலரை யூனிட்டுக்கு யார் பில் கட்டுவது என்று எதிரணி முதலில் சொல்லட்டும்.