கல்யாணம் ஆயிட்டு டாக்ஸ்ல சிங்கிள்னு போட்டா கிரீன் கார்டு கேஸ் என்ன ஆகும்?

வணக்கம் மக்களே. அமெரிக்கால கல்யாணம் மூலமா கிரீன் கார்டு போடுறவங்க கிட்டருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது. "டாக்ஸ் ஜாயின்ட்டா ஃபைல் பண்ணலன்னா கேஸ் ரிஜெக்ட் ஆயிடுமா?" ஆகாது. புருஷன் பொண்டாட்டி தனித்தனியா ஃபைல் பண்றது சட்டப்படி சரி, அதுக்காக மட்டும் யார் கேஸையும் தூக்கிப் போட மாட்டாங்க. ஆனா இந்தப் பக்கம் ஐ-130ல, அதாவது துணைக்காகப் போடற கிரீன் கார்டு மனுல, இவங்க என் மனைவினு கையெழுத்துப் போட்டுட்டு அந்தப் பக்கம் வருஷா வருஷம் போடற 1040 டாக்ஸ் ஃபார்ம்ல சிங்கிள்னு டிக் பண்ணி அதுலயும் கையெழுத்துப் போட்டீங்கன்னா, பொய் சொன்னா தண்டனைன்னு அச்சடிச்ச ரெண்டு பேப்பர்ல ரெண்டு விதமா சொல்லியிருக்கீங்க. இன்டர்வியூல ஆபீசர் இதப் பத்திக் கேக்கும்போது நல்ல பதில்னு ஒண்ணு இருக்கவே இருக்காது.

(ஸ்கிரீன்ல: 1040 முதல் பக்கம், ஃபைலிங் ஸ்டேட்டஸ் பெட்டிங்க மட்டும் பெருசா)

இதுல அஞ்சு பெட்டி இருக்கு. சிங்கிள், மேரீட் ஃபைலிங் ஜாயின்ட்லி, மேரீட் ஃபைலிங் செப்பரேட்லி, ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு, அஞ்சாவது துணைய இழந்தவங்களுக்கானது, அத விட்டுடலாம். இதுல எது நமக்குன்னு முடிவு பண்ண அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் பாக்கற நாள் டிசம்பர் 31. அன்னைக்கு ராத்திரி நீங்க கல்யாணமானவரா இருந்தா அந்த வருஷம் முழுக்க கல்யாணமானவர்தான்.

இது நம்ம ஆளுங்களுக்கு எப்படி இடிக்கும்னா, மார்கழில யாரும் முகூர்த்தம் வைக்க மாட்டாங்க, அதனால அமெரிக்க மாப்பிள்ளைக்கு கிறிஸ்துமஸ் லீவ ஒட்டி நாள் பாத்தா கார்த்திகை கடைசி முகூர்த்தம் வரும், இல்லன்னா தை பொறந்தப்புறம். டெக்சாஸ்ல இருக்கற ஒரு சிட்டிசன் பையன் டிசம்பர் முதல் வாரம் மதுரைல தாலி கட்டிட்டு ரெண்டு வாரத்துல திரும்பிட்டான்னு வைங்க. "பதினோரு மாசம் பேச்சிலராத்தானே இருந்தேன், பொண்ணு இன்னும் ஊர்லதான் இருக்கா"ன்னு சொல்லி சிங்கிள்னு போட்டா தப்பு. "ரெஜிஸ்டர் பண்ணதே பிப்ரவரிலதான்"னு இன்னொரு சாக்கு வரும், அதுவும் செல்லாது, ஏன்னா இந்து திருமணச் சட்டப்படி சடங்கு முடிஞ்ச அன்னைக்கே கல்யாணம் செல்லும், சர்டிஃபிகேட்ல கல்யாணத் தேதின்னு வர்றதும் அந்த நாள்தான், ஐ-130 கூட வெக்கப் போறதும் அதே சர்டிஃபிகேட்தான். அதே கல்யாணம் தைல நடந்திருந்தா முடிஞ்ச வருஷத்துக்கு சிங்கிள்னு போட்டது நூத்துக்கு நூறு சரி, பயப்பட ஒண்ணும் இல்ல.

சரி, பொண்ணு மதுரைல இருக்கா, எஸ்எஸ்என்ங்கற சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கிடையாது, அமெரிக்காவே பாத்ததில்ல. இப்ப அவன் எப்படி ஃபைல் பண்றது? ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி, மேரீட் ஃபைலிங் செப்பரேட்லி. பொண்ணு பேரப் போட்டு, எஸ்எஸ்என் கேக்கற இடத்துல என்ஆர்ஏன்னு மூணு எழுத்து, நான்-ரெசிடென்ட் ஏலியன்னு அர்த்தம். அவ்ளோதான். பின்னாடி ஐ-864ங்கற ஸ்பான்சர் ஃபார்ம் கூட இதே ரிட்டர்ன் போகும்போது, இந்தாளு கல்யாணமான முதல் வருஷத்துலயே கவர்மென்ட் கிட்ட மனைவி இருக்கான்னு சொல்லிட்டான்னு பாக்கறவங்களுக்குத் தெரியும். வரி கொஞ்சம் கூட வரும், பரவால்ல.

ரெண்டாவது வழி, வருமான வரிச் சட்டம் 6013(ஜி)னு ஒரு பிரிவு, அதுல மனைவிய வரிக்காக மட்டும் ரெசிடென்ட்டா எடுத்துக்கோங்கன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு லெட்டர சேத்து ஜாயின்ட்டா ஃபைல் பண்ணலாம். லாபம் பெருசுதான், 2025க்கு வருமானத்துல நேரா கழிச்சுக்கற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் தனியா போட்டா 15,750 டாலர், ஜாயின்ட்னா 31,500. ஆனா அப்ப பொண்ணோட இந்திய சம்பளம், எஃப்டி வட்டி, வீட்டு வாடகை இருந்தா அதுவும் எல்லாம் அமெரிக்க ரிட்டர்ன்ல வந்தாகணும். இது போக எஸ்எஸ்என் இல்லாதவங்களுக்கு ஐஆர்எஸ் குடுக்கற ஐடிஐஎன் நம்பர் வேணும், அதுக்கு டபிள்யூ-7 ஃபார்ம், அது கூட ஒரிஜினல் பாஸ்போர்ட்ட ஆஸ்டின்ல இருக்கற ஐஆர்எஸ் ஆபீசுக்கு தபால்ல அனுப்பச் சொல்லுவான், இல்லன்னா பாஸ்போர்ட் ஆபீசே சான்று குடுத்த காப்பி. மும்பை கான்சுலேட்ல விசா இன்டர்வியூ எப்ப வரும்னு காத்துட்டு இருக்கற பொண்ணு பாஸ்போர்ட்ட ஆஸ்டினுக்கு அனுப்பிட்டு உக்காந்திருக்க முடியுமா சொல்லுங்க. சர்ட்டிஃபையிங் ஆக்செப்டன்ஸ் ஏஜென்ட்னு ஐஆர்எஸ் அங்கீகாரம் குடுத்தவங்க இருக்காங்க, அவங்க பாஸ்போர்ட்ட பாத்து சரிபாத்துட்டு கையிலயே திருப்பிக் குடுத்துடுவாங்க, போறதா இருந்தா அந்த வழில போங்க.

என்னக் கேட்டா, அவசரம் இல்லாதவங்க முதல் வருஷம் செப்பரேட்டா போட்டுட்டு, பொண்ணு வந்து எஸ்எஸ்என் வாங்கினப்புறம் 1040-எக்ஸ்ங்கற திருத்த ஃபார்ம் போட்டு அதே வருஷத்த ஜாயின்ட்டா மாத்திக்கலாம், அதுக்கு மூணு வருஷம் டைம் இருக்கு, 6013(ஜி) லெட்டரையும் அப்ப சேத்துக்கலாம். செப்பரேட்லருந்து ஜாயின்ட்டுக்கு மாறலாம், ஆனா ஜாயின்ட்டா போட்டுட்டு ஏப்ரல் கெடு முடிஞ்சப்புறம் செப்பரேட்டா மாத்த முடியாது. இத முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. 2020ல அரசாங்கம் கொரோனா உதவிப் பணம் செக்கா குடுத்த நேரத்துல எத்தனையோ எச்-1பி வேலை விசா வீடுங்க இதுல மாட்டிக்கிட்டாங்க, அவங்க துணைக்கான எச்-4 விசால இருக்கற மனைவிக்கு ஐடிஐஎன் போட்டு ஜாயின்ட்டா ஃபைல் பண்ணதால முதல் செக் ரெண்டு பேருக்குமே வரல, டிசம்பர்ல சட்டத்த திருத்தினப்புறம்தான் எஸ்எஸ்என் இருக்கறவருக்காவது கிடைச்சுது.

(ஸ்கிரீன்ல: ஐ-864)

ஸ்பான்சர் பண்றவர் வருமானம் போதுமான்னு பாக்கற ஃபார்ம் இது. வறுமைக்கோட்டு அளவுல 125 சதவீதம் வேணும், ரெண்டு பேர் குடும்பத்துக்கு 2025 கணக்குல வருஷம் 26,437 டாலர். ஜாயின்ட் ரிட்டர்ன் வெச்சா அதுல ரெண்டு பேர் வருமானமும் கலந்திருக்கும், அதனால ஸ்பான்சரோட பங்கு எவ்வளவுன்னு காட்ட கம்பெனி குடுக்கற சம்பள ஃபார்ம் டபிள்யூ-2 சேத்து வெக்கணும். செப்பரேட்டா போட்டிருந்தா இந்த வேலை மிச்சம். இதுல எதுவும் கேஸுக்கு ப்ளஸ்ஸும் இல்ல மைனஸும் இல்ல.

ஃபைலிங் ஸ்டேட்டஸுக்கு நிஜமா கனம் வர்ற இடம் ஐ-751. கிரீன் கார்டு ஸ்டேட்டஸ் கிடைக்கற அன்னைக்கு கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் முடியலன்னா ரெண்டு வருஷ கண்டிஷனல் கார்டுதான் குடுப்பாங்க, அது முடியறதுக்கு முன்னாடி தொண்ணூறு நாளுக்குள்ள ஐ-751 போட்டு இந்தக் கல்யாணம் நிஜம்னு திரும்பக் காட்டணும். அதோட இன்ஸ்ட்ரக்‌ஷன்லயே ஜாயின்ட் ஃபெடரல், ஸ்டேட் டாக்ஸ் ரிட்டர்ன்னு எழுதியிருக்கு. இது புதுசு இல்ல, 1983ல லவுரியானோ கேஸ்லயே இன்சூரன்ஸ், வீட்டு லீஸ், பேங்க் அக்கவுன்ட் மாதிரி டாக்ஸ் ஃபார்ம்ல துணைன்னு காட்டியிருக்கறதும் சாட்சின்னு இமிக்ரேஷன் அப்பீல்ஸ் போர்டு சொல்லிடுச்சு.

அப்ப செப்பரேட்டா போட்டவங்க கதை? சிலருக்கு ஸ்டூடன்ட் லோன் தவணை வருமானத்த வெச்சு கணக்காகும், ஜாயின்ட்டா போட்டா தவணை எகிறும். சிலருக்கு புருஷன் பிசினஸ் கணக்கு மேல நம்பிக்கை இருக்காது, ஜாயின்ட்ல கையெழுத்துப் போட்டா முழு வரிக்கும் ரெண்டு பேரும் பொறுப்பு, அது நியாயமான பயம். இந்தக் காரணத்த ரெண்டு வரில எழுதி, லோன் ஸ்டேட்மென்ட் சேத்து, கூடவே லீஸ், பேங்க் அக்கவுன்ட், ஹெல்த் இன்சூரன்ஸ்னு மத்த ஆதாரம் கனமா வெச்சா போதும். டெக்சாஸ், கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாதிரி கல்யாணத்துக்கப்புறம் சம்பாதிக்கறது ரெண்டு பேருக்கும் பொதுன்னு சொல்ற கம்யூனிட்டி பிராப்பர்ட்டி ஸ்டேட்ல இருக்கறவங்க தனித்தனியா போட்டாலும் ரெண்டு பேர் வருமானத்தையும் கூட்டி பாதி பாதியா பிரிச்சு 8958 ஃபார்ம்ல காட்டணும். நம்ம ஜனம் இவ்வளவு பேர் டல்லாஸ்லயும் பே ஏரியாலயும் சியாட்டில்லயும் இருக்கோம், இந்த ஃபார்ம் பேரே பாதிப் பேருக்குத் தெரியாது. அதுல துணையோட பேரும் வருமானமும் வர்றதால, ஒரு விதத்துல இதுவும் உங்களுக்கு சாட்சிதான்.

இப்ப ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு, அதாவது துணை கூட இல்லாம குடும்பத்தத் தாங்கறவங்களுக்கான பெட்டி. சிங்கிள விட நான் அதிகமா பயப்படறது இதுக்குத்தான். குழந்தை இருக்கு, இதப் போட்டா 2025 கணக்குல டிடக்‌ஷன் 23,625, ரீஃபண்ட் ஜாஸ்தி வரும்னு யாராவது சொல்லிக் குடுப்பாங்க, சில டாக்ஸ் போடுறவங்களே சொல்லுவாங்க. ஆனா ரெண்டு பேரும் அமெரிக்கால இருக்கும்போது அந்தப் பெட்டில டிக் பண்ணா என்ன சொல்றீங்க தெரியுமா? ஜூலைலருந்து டிசம்பர் வரைக்கும், கடைசி ஆறு மாசமும் என் துணை என் கூட ஒரே வீட்ல இல்லன்னு சொல்றீங்க. அத ஐஆர்எஸ் கிட்ட சொல்லிட்டு கிரீன் கார்டு குடுக்கற யுஎஸ்சிஐஎஸ் கிட்ட வந்து நாங்க சேந்து வாழறோம்னு ஐ-751 குடுத்தா எப்படி? சிட்டிசனோட துணையா மூணு வருஷத்துலயே சிட்டிசன்ஷிப் கேக்கறவங்களுக்கு இன்னும் மோசம், மூணு வருஷமும் சேந்து வாழ்ந்திருக்கணும்கறதுதான் அங்க தகுதியே. ஒரு விதிவிலக்கு இருக்கு, துணை என்ஆர்ஏவா ஊர்ல இருந்து, குழந்தை இங்க உங்க வீட்ல வளந்து, செலவுல பாதிக்கு மேல நீங்க பாத்தா, கல்யாணமானவரா இருந்துமே இந்தப் பெட்டி உங்களுக்கு உண்டு.

கண்ணத் தெறந்துக்கிட்டே டாக்ஸ்ல பொய் எழுதறது எவ்வளவு தூரம் போகும்னா, 2012ல கவாஷிமா கேஸ்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. கிரீன் கார்டு வெச்சிருந்த ஜப்பானிய தம்பதி, ஹோட்டல் நடத்தினவங்க, கம்பெனி ரிட்டர்ன்ல பொய்க் கணக்கு எழுதி கிரிமினல் கோர்ட்ல தண்டனை வாங்கினவங்க, அரசாங்கத்துக்கு நஷ்டம் 10,000 டாலருக்கு மேல, அதனால நாடு கடத்தலாம்னு தீர்ப்பு. தெரியாம தப்புப் பெட்டில டிக் பண்ணவங்க இதக் கேட்டு தூக்கம் கெடுக்க வேணாம், அவங்களுக்கு தீர்வு 1040-எக்ஸ்தான்.

அதப் போட வேண்டிய நேரம், ஆபீசர் கேக்கறதுக்கு முன்னாடி. பாக்கி வரி வந்தா வட்டியோட கட்டிடுங்க, ரசீது வெச்சுக்கோங்க. திருத்தினப்புறம் நிறைய பேர் ஒரு இடத்துல கோட்ட விடறாங்க. ஐஆர்எஸ் வெப்சைட்ல ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட்ட டவுன்லோட் பண்ணா அதுல மேலயே ஃபைலிங் ஸ்டேட்டஸ் இன்னும் சிங்கிள்னுதான் நிக்கும், ஏன்னா அது முதல்ல குடுத்த ரிட்டர்னோட நகல். அத அப்படியே கேஸ்ல வெச்சா திருத்தின விஷயமே அவங்களுக்குத் தெரியாது. அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்ட்னு இன்னொண்ணு இருக்கு, அதுல 977ங்கற கோடு வந்திருந்தா திருத்தின ரிட்டர்ன் போயிருக்குன்னு அர்த்தம். ரெண்டு டிரான்ஸ்கிரிப்ட், 1040-எக்ஸ் காப்பி, ரசீது எல்லாத்தையும் சேத்து வைங்க.

எச்-1பி, எச்-4 ஆளுங்க வேலை மூலமா கிரீன் கார்டு போட்டாலும், துணையோட கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 நிக்கறது அதே கல்யாணத்து மேலதான், அதனால சிங்கிள்னு போடற வேலை அவங்களுக்கும் வேணாம். எஃப்-1 ஸ்டூடன்ட் விசால இருந்து, நான்-ரெசிடென்ட்டுக்கான 1040-என்ஆர் ஃபார்ம் போடறவங்களுக்கு ஜாயின்ட்டே கிடையாது, அங்க செப்பரேட்டா இருக்கறத யாரும் குத்தமா பாக்க மாட்டாங்க.

கிரீன் கார்டு வந்தப்புறம் மட்டும் 1040-என்ஆர் பக்கம் போயிடாதீங்க. ஊருக்குப் போய் ஒரு வருஷம் இருந்துட்டு, வரி மிச்சம்னு நான்-ரெசிடென்ட்டா ஃபைல் பண்ணா, இந்தாளு இங்க குடியிருக்கறத விட்டுட்டான்னு எடுத்துக்க அதுவே காரணமாயிடும். சிட்டிசன்ஷிப் ஃபார்மான என்-400ல இப்படி ஃபைல் பண்ணியிருக்கியான்னு நேராவே ஒரு கேள்வி இருக்கு, அத ஏற்கனவே பண்ணிட்டவங்க ஃபார்ம் அனுப்பறதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீலையும் டாக்ஸ் பாக்கற சிபிஏவையும் ஒரே நேரத்துல வெச்சுப் பேசுங்க, ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குத் தெரியாம ஆளுக்கொரு பக்கம் இழுத்துடுவாங்க.