ஆமை, யானை, தட்டு உலகம்: மழை நாளில் ஒரு ஓவியப் புத்தகம் | ரோஸ் ஹில் வ்லாக்

வணக்கம் மக்களே! மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் காலையிலிருந்து விடாத மழை. பின்னால் தகரக் கூரைச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மைக்கைச் சட்டையில் குத்தித்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் மழைதான் ஜெயிக்கும் போல.

ஃப்ளிக் அன் ஃப்ளாக் கடற்கரைக்குப் போய் எடுப்பதாக இருந்த வீடியோ போச்சு. அதற்குப் பதிலாக இதோ, இந்தப் புத்தகம். ‘தி ஆர்ட் ஆஃப் டிஸ்க்வேர்ல்ட்’. 2004-இல் வந்தது. படங்கள் பால் கிட்பி, பக்கத்தில் குறிப்புகள் டெர்ரி பிராட்செட்டே எழுதியவை. மூலை மடங்கியிருக்கிறது, தெரிகிறதா? பார்சல் கொண்டுவந்தவரிடம் காட்டினேன். “உள்ளே நன்றாகத்தானே இருக்கும்” என்று கிரியோலில் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். உள்ளே நன்றாகத்தான் இருந்தது. சண்டை போடும் எண்ணமே போய்விட்டது.

தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடம். டிஸ்க்வேர்ல்ட் என்பது நையாண்டி மாயக்கதை வரிசை. முதல் நாவல் 1983, மொத்தம் 41 நாவல்கள், பிராட்செட் 2015 மார்ச்சில் இறந்தார், கடைசி நாவல் அதே வருடம் பின்னால் வந்தது. எந்த நாவலில் ஆரம்பிக்கலாம் என்று கமெண்டில் கேட்காதீர்கள், அதற்குத் தனி வீடியோ வேண்டும். இன்று படம் மட்டும்தான்.

இதோ, பேராமை ஆ’ட்டுயின். கொஞ்சம் இருங்கள், ஃபோகஸ் ஆகட்டும்... ஆச்சு. விண்வெளியில் நீந்துகிற ஆமை, அதன் முதுகில் நான்கு யானைகள், யானைகளின் மேல் தட்டு போல ஓர் உலகம். சூரியன் சின்னது, அது சுற்றி வரும்போது ஒரு யானை காலைத் தூக்கி வழி விடவேண்டும்! வெள்ளைக்காரர்கள் இதைப் படித்து ‘என்ன கற்பனை’ என்று வியக்கிறார்கள். கூர்மாவதாரமும் எட்டுத் திக்கு யானைகளும் கேட்டு வளர்ந்த நமக்கு, ‘மிச்ச நான்கு யானை எங்கேப்பா?’ என்றுதான் தோன்றும்.

ஆனால் நான் காட்ட வந்தது அந்தக் கண்ணை. சுற்றியுள்ள சுருக்கத்தைப் பாருங்கள். இங்கே லா வனில் பூங்காவில் பெரிய ஆமைகளின் கழுத்தைச் சொறிந்துவிடலாம். சுகமாக இருந்தால் கழுத்தை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். தோல் பழைய செருப்பு மாதிரி இருக்கும், கண் ஓரம் மட்டும் ஈரமாக, வயதான ஆள் பார்ப்பது போல. அதே பார்வை இந்தப் படத்தில் இருக்கிறது. இது துடுப்புள்ள கடலாமை, பூங்காவில் இருப்பது தரையாமை என்பது வேறு விஷயம். எங்கள் வீட்டுக்கார அம்மா நேற்று எட்டிப் பார்த்து “தொர்த்தி!” என்றார், கிரியோலில் ஆமை, அவ்வளவுதான். யானைகளைக் கண்டுகொள்ளவே இல்லை.

இந்த வரிசைக்கு ஆரம்பத்தில் அட்டை வரைந்தவர் ஜோஷ் கிர்பி. ஒரே தேர்க்கூட்டம்தான் அவர் அட்டைகள், வண்ணமும் சதையும் பிதுங்கி வழியும். முதல் நாவலில் ஒரு சுற்றுலாப் பயணி வருவான், டூஃபிளவர். கண்ணாடி போட்டவன். அந்த ஊரார் கண்ணாடியே பார்த்ததில்லை என்பதால் ‘நான்கு கண்ணன்’ என்று கதையில் வரும். கிர்பி என்ன செய்தார் தெரியுமா? நிஜமாகவே நான்கு கண் வரைந்துவிட்டார்!

நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. வரைந்தவர் கையில்தான் உருவம் இருக்கிறது. கல்கி பத்திரிகையில் மணியம் வரைந்த வந்தியத்தேவனைத் தவிர வேறு வந்தியத்தேவன் என் அப்பாவுக்குக் கிடையாது. இந்தத் தீவில் வாழ்ந்து அழிந்துபோன டோடோப் பறவையையே எடுத்துக்கொள்ளுங்கள். டிஷர்ட், சாவிக்கொத்து, எதில் பார்த்தாலும் குண்டுப் பறவை. அந்தக் குண்டு உருவத்தைப் பரப்பியதில் ரோலன்ட் சாவெரி போல 1600-களில் ஐரோப்பாவில் உட்கார்ந்து வரைந்தவர்களுக்குப் பெரிய பங்கு. எலும்பை ஆராய்ந்தவர்கள் பலர் இப்போது ‘அது அவ்வளவு குண்டு இல்லை’ என்கிறார்கள். யார் கேட்கிறார்கள்? சாவிக்கொத்து இன்னும் குண்டாகத்தான் இருக்கிறது.

கிட்பி இதற்கு நேர் எதிர். இல்லாத ஒன்றை, நேரில் போய் எதிரே உட்கார்ந்து பார்த்தவர் போல வரைகிறார். இங்கே பாருங்கள், நானி ஆக் என்கிற சூனியக்காரக் கிழவி, மோனாலிசா போலவே கைமேல் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். சிரிப்பு மூட்டக் கோணல் மூக்கோ முட்டைக்கண்ணோ இல்லை. துணியின் மடிப்பு, தோலின் நிறம், எல்லாம் பழைய ஓவியர்களின் ஒழுங்கோடு இருக்கிறது. முகத்தில் மட்டும் ஏதோ கெட்ட ஜோக் ஒன்றைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டிருக்கிற களை. தான் சிரிக்காமல் நம்மைச் சிரிக்கவைக்கிற ஆள் கல்யாண வீட்டில் ஒருவர் இருப்பாரே, அந்த மாதிரி.

யமன் பக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவரை ‘மரணம்’ என்றே கூப்பிடுகிறார்கள், நான் யமன் என்றே சொல்கிறேன். எருமை கிடையாது, பிங்கி என்கிற வெள்ளைக் குதிரை. முதலில் எலும்புக் குதிரை வைத்திருந்தாராம். அடிக்கடி இறங்கிக் கழன்ற எலும்பைக் கம்பியால் கட்டவேண்டியிருந்ததால் அலுத்துவிட்டதாம். பூனை பிடிக்கும், கறிக்குழம்பு பிடிக்கும். வெறும் மண்டை ஓட்டில் கனிவைக் கொண்டுவருவது சாதாரண வேலையா? உதடு இல்லை, புருவம் இல்லை. கிட்பி தலையை லேசாகச் சாய்த்தே அதைச் சாதித்துவிடுகிறார். இன்னொன்று, ஆங்கிலத்தில் இவர் பேச்சு முழுக்கப் பெரிய எழுத்தில் வரும். தமிழில் பெரிய எழுத்தே இல்லையே, மொழிபெயர்ப்பவர் என்ன செய்வார்?

இந்த நாவல்களில் வரும் நூலகர் கதையும் அப்படித்தான். மந்திரக் கோளாறில் ஒராங்குட்டான் ஆனவர். ‘மங்கி’ என்று சொன்னால் அடி விழும், ‘ஏப்’ என்றால் சரி. நமக்கு இரண்டும் குரங்குதான். ‘வாலில்லாக் குரங்கு’ என்று மரியாதையாகச் சொன்னாலும் அடி நிச்சயம்.

கடைசியாக இந்தப் பக்கம். ரெம்ப்ராண்ட் 1642-இல் வரைந்த ‘இரவுக் காவல்’ ஓவியம் தெரியும் இல்லையா? அதே அமைப்பில் நகரக் காவல்படையை நிறுத்தியிருக்கிறார் கிட்பி. 2002-இல் வந்த நாவலின் அட்டை இது. கிர்பி 2001 அக்டோபரில் இறந்துவிட்டார், அந்த வேலை இவர் கைக்கு வந்தது. ரெம்ப்ராண்ட் தன் படத்தில் பின்வரிசையில் எட்டிப் பார்க்கிற முகமாகத் தன்னையே வரைந்துகொண்டார் என்பார்கள். கிட்பி அதே இடத்தில் கிர்பியை வைத்திருக்கிறார். இதோ, என் விரல் இருக்கிற இடம். ஆள் மாறும்போது பழையவர் பெயரை அழித்து எழுதுகிற தொழில்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

மழை விட்டமாதிரி இருக்கிறது. சைக்கிள் மணி கேட்டதா? தால் பூரிக்காரர். இரண்டு ஜோடி வாங்கிவிட்டு வந்து மிச்சப் பக்கங்களை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். எண்ணெய்க் கையோடு இல்லை, பயப்படாதீர்கள். வரட்டுமா?